பழைய பந்தயத் தடத்தில் பிசினஸ் பார்க்: எதை விற்கலாம், எதைத் தொடக்கூடாது

ஒரு மோட்டார் பந்தயத் தடம் மூடப்படும்போது அந்த நிலத்தை என்ன செய்வது என்ற முடிவு பெரும்பாலும் அவசரத்தில்தான் எடுக்கப்படுகிறது. உரிமையாளருக்குக் கடனை அடைக்க வேண்டும். உள்ளாட்சிக்கு வேலைவாய்ப்பும் வரி வருமானமும் வேண்டும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் நின்றால் போதும். இந்த மூவருக்கும் ஒரே நேரத்தில் பிடித்துப்போகிற யோசனை ஒன்று இருக்கிறது: சுற்றிலும் வேலி, காவலர் நிற்கும் ஒரே கேட், உள்ளே புல்வெளி, சின்ன ஏரி, மரங்களுக்கு நடுவே தாழ்வான அலுவலகக் கட்டடங்கள். அதாவது, பாதுகாப்பான, பசுமையான பிசினஸ் பார்க்.

இந்த யோசனைக்கு வலுவான காரணங்கள் உண்டு. பந்தயத் தடம் என்பது ஒரே கைக்குள் இருக்கும் பெரிய நிலம். நூறு பேரிடம் துண்டு துண்டாக வாங்க வேண்டியதில்லை. கனரக வண்டி வந்துபோகச் சாலை ஏற்கெனவே இருக்கும். சத்தத்துக்குப் பயந்து பல ஆண்டுகள் அதை ஒட்டி வீடு கட்டாமல் விட்டிருப்பார்கள். இன்னொரு பக்கம், பந்தயம் நடப்பது ஆண்டில் சில வார இறுதிகளில் மட்டும். அலுவலகமோ வாரம் ஐந்து நாளும் ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் தருகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கும் எந்த நகரசபை உறுப்பினரும் எந்தப் பக்கம் சாய்வார் என்று யூகிக்கப் பெரிய திறமை வேண்டாம்.

ஆனாலும் பந்தயத் தடங்களை நேசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிசினஸ் பார்க்கை எதிர்ப்பதோ ஆதரிப்பதோ இங்கே முக்கியமான கேள்வி இல்லை. வேலியை எங்கே போடுகிறோம், தடத்தின் கோட்டுக்கு எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதுதான் கேள்வி. இதற்கு உலகில் நான்கு விதமான பதில்கள் நமக்கு முன்னால் இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

முதல் வழி, முழுவதையும் கொடுத்துவிடுவது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே நிவெல்-போலர் என்று ஒரு தடம் இருந்தது. 1971-ல் திறக்கப்பட்டு, 1972-லும் 1974-லும் பெல்ஜிய கிராண்ட் பிரி என்ற ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் அங்கே நடந்தது. இரண்டு முறையும் வென்றவர் எமர்சன் ஃபிட்டிபால்டி, முதலில் லோட்டஸ் காரில், அடுத்து மெக்லாரன் காரில். பாதுகாப்பை மனதில் வைத்து அகலமான வெளிகளோடு கட்டியதால், பார்வையாளர்கள் கார்களிடமிருந்து வெகுதூரத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஓட்டுநர்களுக்கும் ரசிகர்களுக்கும் அந்தத் தட்டையான தடத்தின் மேல் பெரிய பிரியம் வரவில்லை. 1981-ல் மூடியது. அதன்பின் வெகுகாலம் புல் மண்டிக் கிடந்து, இன்று அது தொழிற்பேட்டை. வான்படத்தில் சில தெருக்களின் வளைவைப் பார்த்தால் பழைய கோடு தெரியும். தரையில் நடக்கிறவருக்குத் தெரியாது. வருமானக் கணக்கில் இது சுத்தமான முடிவு. கைவிடப்பட்ட நிலம் பயன்பாட்டுக்கு வந்தது, வேலை கிடைத்தது. அங்கே ஃபார்முலா ஒன் ஓடியது என்ற விஷயம் மட்டும் அந்த இடத்தை விட்டே போய்விட்டது.

இரண்டாவது வழி, ஒரு பகுதியை விற்று மிச்சத்தைக் காப்பாற்றுவது. இதற்குத் தென்னாப்பிரிக்காவின் கியாலாமியைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஜொஹானஸ்பர்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே, மிட்ராண்டில், 1961-ல் கட்டப்பட்ட தடம் அது. 1967 முதல் 1985 வரை தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரியின் வீடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்து என்ஜின்கள் திணறும். ஆனால் நீளமான நேர்த்தடத்தில் இறங்கி கிரௌதோர்ன் வளைவுக்குள் கார்கள் பாய்கிற வேகம் பெயர்பெற்றது. ஆபத்தும் அதே அளவுக்கு இருந்தது. 1977-ல் அந்த நேர்த்தடத்தில்தான் தீயணைப்புக் கருவியோடு தடத்தைக் கடந்த ஃபிரடெரிக் யான்சன் வான் வ்யூரன் என்ற இளம் ஊழியரும், அவர்மேல் மோதிய ஓட்டுநர் டாம் ப்ரைஸும் உயிரிழந்தார்கள். 1985-ல் நிறவெறி ஆட்சியை எதிர்த்து ரெனோ, லிஜியே என்ற இரண்டு பிரெஞ்சு அணிகள் அந்தப் பந்தயத்துக்கு வரவில்லை. அந்த ஆண்டோடு ஃபார்முலா ஒன் அங்கிருந்து கிளம்பியது.

வருமானம் போனபின் நிலத்தின் ஒரு பகுதி கைமாறியது. பழைய நேர்த்தடமும் கிரௌதோர்ன் பக்கமும் இருந்த நிலம் இன்று கியாலாமி பிசினஸ் பார்க். கேட், காவல், பராமரித்த புல்வெளி, கிடங்கும் அலுவலகமும் கலந்த கட்டடங்கள் என்று தொழில் நடத்துகிறவர்கள் எதிர்பார்க்கிற எல்லாம் அங்கே உண்டு. தெருக்களுக்கு பிராண்ட்ஸ் ஹேட்ச், இண்டியானாபொலிஸ் என்று பிற நாட்டுத் தடங்களின் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். மிச்ச நிலத்தில் தடத்தை மாற்றி வரைந்தார்கள். சன்செட், கிளப்ஹவுஸ், லேயூகாப் போன்ற பழைய வளைவுகளின் பெயர்கள் புதிய தடத்திலும் தொடர்கின்றன. 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஃபார்முலா ஒன் திரும்பியும் வந்தது. 2014-ல் தடமே ஏலத்துக்கு வந்தபோது, நாட்டின் போர்ஷே இறக்குமதியாளரான டோபி வென்டர் 20.5 கோடி ராண்டுக்கு அதை வாங்கிப் புதுப்பித்தார். ஏலத்தில் வேறு யாராவது வென்றிருந்தால் அங்கேயும் அலுவலகமோ வீடுகளோ வந்திருக்கலாம் என்ற பயம் அப்போது பலருக்கு இருந்தது.

கியாலாமியைப் பார்த்துவிட்டு இதுதான் சரியான வழி என்று சொல்லத் தோன்றும். பந்தயம் இன்றும் நடக்கிறது, பக்கத்தில் தொழிலும் நடக்கிறது. எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விற்கப்பட்டது தடத்தின் மிகச் சிறந்த பகுதி. எந்தப் பகுதியைக் கொடுப்பது என்பதைச் சாலைக்கு அருகில் எது இருக்கிறது, எது நல்ல விலைக்குப் போகும் என்று பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். ப்ரைஸும் அந்த ஊழியரும் இறந்த நேர்த்தடம் இருந்த நிலத்துக்குள் போக இன்று கேட்டைத் தாண்ட வேண்டும்.

மூன்றாவது வழி, நிலத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, எஞ்சிய தடத்தைச் சட்டத்தால் காப்பது. இதற்கு உதாரணம் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு அடுக்குகள் சேர்ந்த இன்னொரு பந்தயத் தடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சர்ரே மாவட்டத்தில் வேய்பிரிட்ஜ் ஊருக்குப் பக்கத்தில் ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் தன் சொந்த எஸ்டேட்டில் இதைக் கட்டினார். 1907 ஜூன் 17-ல் திறந்தது. பந்தயத்துக்கென்றே சாய்ந்த வளைவுகளோடு உலகில் கட்டிய முதல் மோட்டார் தடம் அது. அப்போது பிரிட்டிஷ் சாலைகளில் மணிக்கு 20 மைல்தான் வேக வரம்பு. வேகமாக ஓட்டிப் பார்க்க உள்ளூர்க் கார் தொழிலுக்கு இடமே இல்லை என்ற ஆதங்கத்தில்தான் இறங்கினார். வெளிச்சுற்று 2.75 மைல், அகலம் 100 அடி, வளைவுகளில் கிட்டத்தட்ட 29 அடி உயரத்துக்குச் சாய்ந்து எழும் கான்கிரீட் பேங்கிங். செலவு ஒன்றரை லட்சம் பவுண்டு அளவுக்குப் போய், மனிதரின் செல்வத்தையும் உடல்நிலையையும் அரித்துவிட்டது. வேலையை முடித்து வைத்ததில் அவர் மனைவி எத்தலின் பங்கு பெரியது. திறப்பு நாளில் வண்டிகளை வழிநடத்தி முன்னால் காரோட்டியவரும் அவர்தான். முதல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி 1926-ல் இங்கேதான் நடந்தது. 1935-ல் ஜான் காப் நேப்பியர்-ரெயில்டன் காரில் சுற்றுக்கு மணிக்கு 143.44 மைல் என்ற வேகத்தை எட்டினார். அந்தச் சாதனையை முறியடிக்க யாருக்கும் வாய்ப்பு வரவில்லை, ஏனென்றால் 1939 ஆகஸ்டோடு பந்தயம் நின்றது.

பந்தயத்தோடு சேர்ந்து விமானமும் அங்கே வளர்ந்தது. முதல் உலகப்போர்க் காலத்திலேயே விக்கர்ஸ் விமானத் தொழிற்சாலை வந்துவிட்டது. ஹாக்கர் ஹரிகேன் போர் விமானம் 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது இந்தத் தடத்துக்கு நடுவே இருந்த ஓடுதளத்திலிருந்து. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் விக்கர்ஸ் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். போருக்குப் பின் தடத்தையே விக்கர்ஸ் வாங்கியது. 1950-களில் பெரிய வேலியன்ட் குண்டுவீச்சு விமானங்கள் பறந்து வெளியேற இடம் போதவில்லை என்று பேங்கிங்கின் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். 1962-ல் விசி10 பயணிகள் விமானம் இங்கிருந்து பறந்தது. 1980-களின் கடைசியில் தொழிற்சாலையும் மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் முடிவுக்கு உதவும். நிலத்தை ஒருவருக்கே மொத்தமாகக் கொடுக்கவில்லை. ஒரு பகுதியில் தி ஹைட்ஸ் என்ற பிசினஸ் பார்க் வந்தது. நீர்நிலை, மரங்கள், ஒழுங்கான பார்க்கிங். சோனி, ப்ராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற நிறுவனங்கள் அங்கே அலுவலகம் வைத்தன. இன்னொரு பக்கம் டெஸ்கோ, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகள். ஓடுதளப் பக்கம் 2006-ல் மெர்சிடிஸ்-பென்ஸ் வேர்ல்ட், அதில் கார் ஓட்டிப் பார்க்கும் தடங்கள். அதை ஒட்டிப் பொதுமக்களுக்கான பூங்கா. 1991-ல் திறந்த புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தின் கையில் பழைய கிளப்ஹவுஸும் மெம்பர்ஸ் பேங்கிங்கின் ஒரு பகுதியும். எஞ்சிய தடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். அதாவது, பக்கத்து மனைக்காரர் யாராக இருந்தாலும் கான்கிரீட்டை இஷ்டத்துக்கு உடைக்க முடியாது.

குறை இல்லாமல் இல்லை. துண்டு துண்டாகப் பிரிந்திருப்பதால் முழுச் சுற்றையும் ஒருவர் நடந்து முடிக்க வழி இல்லை. கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் எழும் கான்கிரீட் மேடு எது என்று தெரியும்? இருந்தாலும் அந்த மேடு அங்கே இருக்கிறது. தெரிந்துகொள்ள விரும்புகிற குழந்தை நாளைக்குக் கேட்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு நிகழ்வு. போர்க்காலத்தில், 1940-ல், ஃபினிஷிங் ஸ்ட்ரெய்ட் என்ற முடிவுக்கோட்டு நேர்த்தடத்தின் மேலேயே வெலிங்டன் விமானங்களுக்காக ஒரு ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, கட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் அருங்காட்சியகம் அந்த ஹேங்கரைக் கழற்றிப் பக்கத்தில் மாற்றி நிறுத்தி, அடியில் இருந்த தடத்தை 2017-ல் மீட்டெடுத்தது. எழுபது ஆண்டுக்கு மேல் ஒரு கட்டடத்துக்குக் கீழே கிடந்த பந்தயத் தடத்தில் மறுபடியும் கார் ஓடியது. ஆக, தடத்தின் மேல் கட்டடம் வந்தாலே எல்லாம் முடிந்தது என்று கிடையாது. அடித்தளம் தோண்டாமல் மேலே நிற்கும் இலேசான கட்டடம் என்றால் ஒருநாள் திரும்பப் பெறலாம். பாதாள பார்க்கிங் தோண்டிவிட்டால் முடியாது. நிலத்தை விற்கிறவர் ஒப்பந்தத்தில் எழுதவேண்டிய ஒரு வரி இதிலிருந்தே கிடைக்கிறது.

நான்காவது வழி, தடத்தை அப்படியே வைத்துக்கொண்டு தொழிலைப் பக்கத்து நிலத்துக்கு அழைப்பது. இங்கிலாந்தின் குட்வுட் இதைச் செய்தது. போர்க்கால விமானதளத்தின் சுற்றுச்சாலையில் 1948 செப்டம்பரில் பந்தயம் தொடங்கியது. கார்களின் வேகம் கூடி, தடத்தை மாற்றினால்தான் பாதுகாப்பு என்ற நிலை வந்தபோது 1966-ல் போட்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இடிக்கவில்லை. 32 ஆண்டு கழித்து, அதே குடும்பத்தின் பேரன் தலைமுறை 1998-ல் பழைய கார்களுக்கான ரிவைவல் விழாவாக அதைத் திறந்தது. தடத்திலிருந்து அதிக தூரம் இல்லாத எஸ்டேட் நிலத்தில், பழைய சரளைக்கல் குழி ஒன்றில், ரோல்ஸ்-ராய்ஸ் கார் தொழிற்சாலை 2003-ல் வந்தது. கட்டடக் கலைஞர் நிக்கோலஸ் கிரிம்ஷா. கூரை முழுக்கச் செடி, சுற்றிலும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான மரம் செடிகள், நடுவே ஏரி. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே தொழிற்சாலை இருப்பதே கண்ணில் படாது. பசுமை, பாதுகாப்பு, நல்ல சம்பள வேலை என்று பிசினஸ் பார்க்கில் தேடுகிற எல்லாம் கிடைத்தன. பந்தயத் தடத்திலிருந்து ஒரு அடி நிலம்கூட அதற்காகப் போகவில்லை.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது. குட்வுட் எஸ்டேட் சுமார் 12,000 ஏக்கர். குதிரைப் பந்தயம், கோல்ஃப், விவசாயம் என்று வேறு வருமானங்கள் உண்டு. 32 ஆண்டு ஒரு தடத்தைச் சும்மா வைத்திருக்க அப்படிப்பட்ட உரிமையாளர் தேவை. வங்கிக் கடனில் நிற்கும் ஒரு கிளப்புக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது.

மற்ற உதாரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் ரிவர்சைட் தடம் 1989-ல் மூடி, அந்த நிலத்தில் 1992-ல் மால் வந்தது. கடைத்தொழிலின் ஏற்ற இறக்கத்தை நம்பி இவ்வளவு நிலத்தைக் கொடுப்பது அலுவலகங்களுக்குக் கொடுப்பதைவிட ஆபத்து என்றே நினைக்கிறேன். அதே மாநிலத்தில் ஒன்டாரியோ மோட்டார் ஸ்பீட்வே 1970-ல் பெரும் செலவில் திறந்தது. பத்தே ஆண்டில் எண்ணெய் நிறுவனமான செவ்ரானின் நிலப்பிரிவு வாங்கி, 1981-ல் இடித்தது. பிறகு நிலத்தின் பெரும்பகுதி வெகுகாலம் வெறுமனே கிடந்தது. திட்டம் உறுதியாகும்முன் இடிப்பதைப்போல வீணான வேலை வேறில்லை. ரியோவின் ஜகரெபாக்வா தடத்தை 2012-ல் மூடி ஒலிம்பிக் பூங்கா கட்டினார்கள். மாற்றுத் தடம் வேறிடத்தில் வரும் என்ற பேச்சு இருந்தது. தேயோடோரோவில் அதற்குப் பார்த்த நிலம் காடு என்பதால் எதிர்ப்பு கிளம்பி, திட்டம் கைவிடப்பட்டது. மாற்றுத் தடம் தயாராகி ஓடத் தொடங்கும்வரை பழையதைத் தொட விடக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

நம் ஊரில் சோழவரம் விமானதளத்தில் நடந்த பந்தயங்கள் நின்றபோது இருங்காட்டுக்கோட்டைத் தடம் தயாராக இருந்தது நினைவிருக்கும். இன்று அந்தத் தடத்தின் அக்கம்பக்கம் முழுக்கத் தொழிற்பேட்டை. இந்தக் கட்டுரையின் கேள்வி நமக்கும் ரொம்பத் தொலைவில் இல்லை.

சரி, பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வருவோம். கியாலாமி இருக்கும் மிட்ராண்டில் கேட்டும் காவலும் ஆடம்பரம் இல்லை. கிடங்கில் சரக்கு வைக்கிறவர், இரவு ஷிப்டில் ஆட்களை வைத்திருப்பவர், முதலில் கேட்பதே அதைத்தான். அங்கே வேலியை எடுங்கள் என்று சொல்வது வாடகைதாரரைத் துரத்துவதற்குச் சமம். புரூக்லண்ட்ஸ் இருக்கும் சர்ரேயில் நிலைமை வேறு. அங்கே ஒரு நிறுவனத்துக்குக் கட்டட வாசலில் அட்டை தேய்த்து நுழையும் பாதுகாப்பு போதும். வளாகம் முழுவதையும் மூடவேண்டிய அவசியம் குறைவு. அதனால் எந்த ஊரில் முடிவெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வேலி மாற வேண்டும். வேலி வேண்டிய ஊரிலும் ஒன்றைச் செய்யலாம்: தடம் இருந்த கோட்டை வேலிக்கு வெளியே விட்டு, அதை ஒரு நடைபாதையாக வைத்து, இரண்டு பக்கமும் தனித்தனி கேட் வைக்கலாம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகலப் பட்டை போதும். மொத்த நிலத்தில் அது சிறு பங்குதான்.

பசுமைக்கும் இதே பாதை பயன்படும். இவ்வளவு பெரிய இடத்தில் கூரையும் பார்க்கிங்கும் வந்தால் மழைநீர் எங்கே போவது என்ற பிரச்சினை உடனே எழும். பிசினஸ் பார்க்கின் ஏரிகள் அழகுக்கு மட்டும் இல்லை, வெள்ளத்தைத் தாங்கி மெல்ல வெளியே விடவும்தான். புரூக்லண்ட்ஸ் வழியே வே நதியே ஓடுகிறது. தடத்தின் பட்டையை மூடாமல் விட்டால் தண்ணீருக்கும் வழி கிடைக்கும், பணியாளர்களுக்கு மதியம் நடக்க இடமும் கிடைக்கும். வாடகைக்கு வருகிறவர்களிடம் இதைக் காட்டிக் கூடுதல் விலையே கேட்கலாம்.

இன்னொரு செலவையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள். எரிபொருளும் எண்ணெயும் பல பத்தாண்டுகள் சிந்திய மண் அது. தொழிற்சாலையும் இருந்திருந்தால் கரைப்பான்களும் சேர்ந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு விற்றவருக்கா வாங்கியவருக்கா என்பதை எழுத்தில் வைக்காமல் எந்த விலையையும் பேசக்கூடாது.

என்னிடம் கேட்டால், பணம் அவசரமாகத் தேவைப்படும் தடத்துக்குக் கியாலாமி வழியையே தேர்ந்தெடுப்பேன், ஆனால் வரிசையை மாற்றுவேன். முதலில் தடத்தின் கோட்டை அளந்து சட்டப்பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும். பிறகு தடம் சுற்றி வளைக்கும் உள்வெளியையும் ஓரங்களையும் விற்கலாம், முடிந்தால் நீண்டகாலக் குத்தகைக்கு. முழு விற்பனை ஒருமுறை பணம் தரும். குத்தகையில் கட்டடத்தின் ஆயுள் முடியும்போது பேரம் பேசும் உரிமை மிஞ்சும். வீட்டிலிருந்து வேலை என்ற பழக்கம் வந்தபின் பல ஊர்களில் அலுவலகங்கள் காலியாவதைப் பார்க்கிறோம், அந்த உரிமைக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

ஏற்கெனவே பாழாகி, அதன் மேல் பிரியம் வைத்தவர்களும் இல்லாமல், வாங்க வேறு ஆளும் வராத நிவெல் போன்ற தடத்துக்கு மட்டும் முழு பிசினஸ் பார்க் சரியான முடிவு என்று ஒப்புக்கொள்வேன். அங்கேயும் புதிய தெருக்களைப் பழைய வளைவுகளின் மேலேயே போடச் சொல்வேன். நேர்கோட்டில் போடுவதைவிட அதற்குக் கூடுதலாக ஆகும் செலவு அதிகம் இல்லை.